மூன்று நிறம் போதும் என்கிறார்கள்: எந்த மூன்று, எவ்வளவு?

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க, கடைக்குப் போர்டு வைக்க, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க என்று எதற்குப் போனாலும் இப்போது ஒரு விதி காதில் விழுகிறது: "மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள்." கூடவே 60-30-10 என்று ஒரு கணக்கும் வரும். நாகர்கோவில், மார்த்தாண்டம், கருங்கல் என்று எங்கே புது வீடு கட்டினாலும் இன்டீரியர் செய்பவர் இதைச் சொல்கிறார். துணிக்கடை ரீல்ஸும் இதையே சொல்கின்றன. கேட்கும்போது எளிதாகத்தான் தெரிகிறது. வீட்டுக்கு வந்து எண்ண ஆரம்பித்ததும் குழப்பம். வெள்ளை ஒரு நிறமா? தேக்குக் கதவு கணக்கில் வருமா? இளம்பச்சையும் கரும்பச்சையும் ஒன்றா, இரண்டா? 60 சதவீதம் என்றால் எதில் 60?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விதியில் 'மூன்று' என்ற எண் அவ்வளவு முக்கியமில்லை. மூன்று நிறத்துக்கும் தரும் பங்கும், அவற்றுக்கு இடையே இருக்கும் வெளிர்-அடர் வித்தியாசமும்தான் வேலையைச் செய்கின்றன. அதோடு, குமரி மாவட்டத்தில் கட்டும் ஒரு வீட்டுக்கு மூன்றில் ஒன்றோ இரண்டோ நிறம் நாம் கலர் கார்டைத் திறப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். அதைக் கவனிக்காமல் புதிதாக மூன்றைத் தேர்ந்தெடுப்பதால்தான் பல வீடுகளில் மூன்று ஐந்தாகிவிடுகிறது.

முதலில் மூன்று சொற்கள்

நிறத்தைப் பற்றிப் பேசும்போது ஒரே சொல்லால் மூன்று விஷயங்களைக் குறிக்கிறோம். அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. நிறவகை: சிவப்பா, மஞ்சளா, பச்சையா, நீலமா என்பது.

2. வெளிர்-அடர்: அதே நிறவகை எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பது. கிளிப்பச்சைக்கும் கரும்பச்சைக்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான்.

3. செறிவு: நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, எவ்வளவு மங்கிச் சாம்பல் பக்கம் போயிருக்கிறது என்பது. ராணி பிங்க் செறிவு கூடியது; வெங்காயத்தோல் நிறம் செறிவு குறைந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே குடும்பம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம். பள்ளியில் படித்த 'மூன்று முதன்மை நிறங்கள்' வேறு, இந்த மூன்று நிற விதி வேறு. நம் கண்ணின் விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. அதனால்தான் தொலைக்காட்சித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளியை வைத்தே ஏறக்குறைய எல்லா நிறத்தையும் காட்ட முடிகிறது. 1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் மூன்று வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையிட்டு வண்ணப்படம் காட்டியதும் இந்த அடிப்படையில்தான். அது நிறத்தை உண்டாக்கும் முறை. ஓர் அறையில் எத்தனை நிறம் வைக்கலாம் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

ஏன் மூன்று?

ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இரண்டு நிறம் இருந்தால் அவை சந்திக்கும் ஜோடி ஒன்றுதான். மூன்று நிறத்தில் ஜோடிகள் 3. நான்கில் 6, ஐந்தில் 10, ஆறில் 15. ஒவ்வொரு ஜோடியும் எங்கோ ஓர் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வரும். அங்கே அவை பொருந்தியாக வேண்டும். மூன்று ஜோடிகளைச் சரிபார்ப்பது யாராலும் முடியும். பதினைந்தைச் சரிபார்க்கப் பழகிய கண் வேண்டும்.

சரி, அப்படியானால் இரண்டோடு நிறுத்தக் கூடாதா? நிறுத்தலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் இரண்டு நிறத்தில் 'பெரியது, சிறியது' என்ற உறவு மட்டுமே கிடைக்கிறது. மூன்றாவது வந்ததும் வேலைகள் பிரிகின்றன:

1. தள நிறம்: பரப்பில் பெரும்பகுதி. கண் தங்கியிருக்கும் இடம்.

2. துணை நிறம்: தளத்தோடு சேர்ந்து நிற்கும், ஆனால் தனியாகத் தெரியும்.

3. எடுப்பு நிறம்: கொஞ்சமாக வந்து கண்ணை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகும்.

60-30-10 என்பது கண்ணில் படும் பரப்பில் தளத்துக்கு 60, துணைக்கு 30, எடுப்புக்கு 10 சதவீதம் என்று இந்த மூன்று வேலைகளையும் எண்ணில் சொன்னது, அவ்வளவுதான். அது அறிவியல் விதி கிடையாது. உள்ளலங்காரம் செய்பவர்கள் கையாளும் தோராயக் கணக்கு. 55-35-10 என்று வந்தாலும் எதுவும் கெட்டுப்போகாது. 40-40-20 என்று வந்தால்தான் சிக்கல். எது தளம், எது துணை என்று கண்ணுக்குத் தெரியாமல் இரண்டும் போட்டி போடும்.

அறையில் 10 சதவீதம் எவ்வளவு?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

10 அடிக்கு 12 அடி படுக்கையறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. தரை 120, மேல்தளம் 120. மொத்தம் 680. கதவு, ஜன்னலை இப்போதைக்குக் கழிக்க வேண்டாம். நான்கு சுவரும் சேர்ந்து சுமார் 65 சதவீதம். தரையும் மேல்தளமும் தலா 18 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது "ஒரு சுவரை மட்டும் எடுப்பாக அடிக்கலாம்" என்கிறார்கள் அல்லவா? அந்த 12 அடிச் சுவர் 120 சதுர அடி. அதுவும் 18 சதவீதம். அதாவது எடுப்பு நிறத்துக்கு ஒதுக்கிய 10 சதவீதத்தை அந்த ஒரு சுவரே தாண்டிவிடுகிறது. அந்தச் சுவர் செய்வது துணை நிறத்தின் வேலை. அதில் ஆரஞ்சோ ராணி பிங்கோ அடித்தால் அறை கத்துவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சுவருக்குச் செறிவு குறைந்த நிறம் வேண்டும்.

உண்மையில் 10 சதவீதம் என்பது 68 சதுர அடி. 4 அடிக்கு 5 அடி ஜன்னல் இரண்டுக்குத் திரைச்சீலை போட்டால் 40 சதுர அடி. 3 அடிக்கு 7 அடிக் கதவின் ஒரு பக்கம் 21. இரண்டும் சேர்ந்து 61. எடுப்பு நிறத்துக்கு இடம் இவ்வளவுதான். நல்ல செய்தி என்னவென்றால் திரையும் தலையணை உறையும் மாற்ற முடிந்தவை. எடுப்பு நிறம் சலித்துப்போனால் பெயின்டரைக் கூப்பிட வேண்டியதில்லை.

எதை எண்ணுவது, எதை விடுவது

1. வெள்ளை, கறுப்பு, சாம்பல்: சிறு அளவில் இருந்தால் எண்ண வேண்டாம். மேல்தளம், சுவிட்ச் போர்டு, ஜன்னல் சட்டம் போன்றவை கண்ணில் படுவதில்லை. ஆனால் மூன்று சுவர் வெள்ளை என்றால் வெள்ளைதான் உங்கள் தள நிறம். அதை எண்ணாமல் மேலும் மூன்றைச் சேர்த்தால் நான்காகிவிடும்.

2. மரம்: எண்ண வேண்டும். தேக்கும் பலாவும் செம்மஞ்சள் கலந்த பழுப்பு. பலாக்கதவு புதிதில் மஞ்சளாக இருந்து நாளாக நாளாகக் கறுத்துச் சிவக்கும். இன்றைய நிறத்துக்குப் பொருத்தினால் சில வருடத்தில் விலகிப்போகும். வயதான மரத்தின் நிறத்துக்குப் பொருத்துவது நல்லது.

3. ஒரே நிறத்தின் வெளிர், அடர் வகைகள்: ஒரே குடும்பமாக எண்ணலாம். பாசிப்பச்சையும் அதன் வெளிர் சாயலும் ஒன்றுதான். ஆனால் மஞ்சள் கலந்த பச்சையும் நீலம் கலந்த பச்சையும் ஒன்றாகாது. பெயரில் பச்சை இருப்பதால் மட்டும் அவை குடும்பமாகிவிடுவதில்லை.

4. பித்தளை, பொன் வேலைப்பாடுகள்: கைப்பிடி அளவில் இருந்தால் விட்டுவிடலாம். சேலையில் கையகலச் சரிகை என்றால் அது ஒரு நிறம்.

5. ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சை: எண்ண வேண்டும். இதைத்தான் யாரும் எண்ணுவதில்லை.

குமரியில் ஏற்கனவே இருக்கும் நிறங்கள்

மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தென்னை, வாழை, ரப்பர். கீழே செம்மண். பழைய வீடென்றால் மேலே ஓடு, உள்ளே ரெட் ஆக்சைடு தரை. இங்கே பச்சையும் செம்பழுப்பும் முன்னமே இருக்கின்றன. சேர்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த இடத்தில் பழைய ஆட்கள் வெள்ளை வைத்தார்கள், சுண்ணாம்பு வெள்ளை. பச்சை, செம்பழுப்பு, வெள்ளை: கணக்கு முடிந்தது.

இதன் மிகச் செம்மையான வடிவத்தைத் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் பார்க்கலாம். திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊர் அது. அரண்மனையின் முக்கிய நிறங்கள் மூன்றே: வெள்ளைச் சுவர், மரமும் ஓடும் தரும் பழுப்பு, கண்ணாடிபோல் மின்னும் கருந்தரை. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அந்தத் தரையை இழைத்தார்கள் என்று சொல்வார்கள். மந்திரசாலையில் மட்டும் வண்ண மைக்கா பதித்த சாளரங்கள் உண்டு. அவ்வளவு பெரிய வளாகத்தில் எடுப்பு நிறத்தை எவ்வளவு சிக்கனமாக வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். ராஜா ஆலோசனை கேட்கும் அறைக்குத்தான் அது கிடைத்திருக்கிறது. மூன்று நிற விதியை விளக்க இதைவிட நல்ல உதாரணம் நம் மாவட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

கிழக்கே போனால் நிலைமை மாறுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் காற்றாலைகளும் வறண்ட நிலமும். தோவாளை, அகஸ்தீசுவரம் வயல்வெளிகளில் நாற்று, கதிர், அறுவடைக்குப் பிந்தைய தரிசு என்று பருவத்துக்கு ஒரு நிறம். கடலோரம் மணலும் நீலமும், கூசும் வெளிச்சமும். ஒரே மாவட்டம் என்பதற்காக மேற்கில் பொருந்திய மூன்றைக் கிழக்கில் அப்படியே வைக்க முடியாது.

வெளிச்சம் நிறத்தை மூன்று விதத்தில் மாற்றுகிறது:

1. தோப்பு நடுவே இருக்கும் வீட்டுக்குள் வரும் ஒளி இலைகளில் பட்டுத் திரும்பி வருவது. அதில் பச்சை கலந்திருக்கும். தூய வெள்ளைச் சுவர் அங்கே லேசாகப் பச்சையடிக்கும். கொஞ்சம் மஞ்சளோ செம்மையோ கலந்த வெள்ளை அதைச் சமன்செய்யும்.

2. நேர் வெயில் படும் வெளிச்சுவரில் நிறம் வெளிறித் தெரியும். அட்டையில் பார்த்த அளவு செறிவு அங்கே தெரியாது.

3. உள்ளே நேர்மாறு. விரல் அகலத் துண்டில் மென்மையாகத் தெரிந்த நிறம் நான்கு சுவரிலும் வந்ததும் ஒன்றுக்கொன்று பிரதிபலித்து அடர்த்தியாகத் தெரியும். உள்சுவருக்கு மனதில் நினைத்ததைவிட ஒரு படி வெளிரான நிறத்தை எடுப்பதே பாதுகாப்பு.

அப்புறம் மழை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெறும் மாவட்டம் இது. வெளிச்சுவரின் வெள்ளை இங்கே வெள்ளையாகவே இருக்காது. மழைநீர் வழியும் இடத்தில் பாசி பிடித்துப் பச்சையாகும், பிறகு கறுக்கும். அதனால் தரையை ஒட்டிய இரண்டு மூன்று அடிக்குச் செங்காவியோ அடர் சாம்பலோ அடிப்பது அழகுக்காக மட்டும் செய்வதல்ல. மண் தெறிக்கும் இடத்தில் அந்த நிறம் அழுக்கைத் தாங்கும். துணை நிறத்துக்கு இடம் தேடுபவர்கள் அங்கேயே தொடங்கலாம்.

வெள்ளையைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. அங்குள்ள ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை அதைப் பிரித்தெடுக்கிறது. இல்மனைட்டிலிருந்து கிடைப்பதுதான் டைட்டானியம் டை ஆக்சைடு. இன்று உலகம் முழுக்கப் பெயின்டுக்கு வெண்மையையும் மறைக்கும் திறனையும் கொடுக்கும் பொருள். சுண்ணாம்பு நனைந்ததும் மங்கும். டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியை மிக வலுவாகச் சிதறடிப்பதால் மெல்லிய பூச்சிலேயே கீழே இருப்பதை மறைத்துவிடும். இதில் நடைமுறைப் பாடம் ஒன்றும் இருக்கிறது. கடையில் நிறம் கலக்கும்போது வெளிர் நிறங்களுக்கு இந்த வெள்ளை அதிகமுள்ள பேஸையும் (நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயின்ட்), அடர் நிறங்களுக்கு அது குறைந்த பேஸையும் எடுப்பார்கள். அதனால்தான் பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் இரண்டு கோட்டில் மூடாமல் மூன்று, நான்கு கேட்கின்றன. எடுப்பு நிறத்தைப் பெரிய பரப்பில் வைத்தால் கண்ணோடு பணமும் வலிக்கும்.

வெளிர்-அடர் வித்தியாசம்: போர்டில் தெரியும் உண்மை

கடைப்பெயர் வைக்கும்போது நிறவகையைப் பற்றியே பேசுகிறோம். படிக்க முடிவதும் முடியாததும் வெளிர்-அடரில் இருக்கிறது. இதை எண்ணால் அளக்க முடியும். இணையப் பக்கங்களை எல்லோராலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான அணுகல் வழிகாட்டியில் இரண்டு நிறங்களின் ஒளிர்வை ஒப்பிடும் விகிதம் ஒன்று உண்டு. வித்தியாசமே இல்லாவிட்டால் 1, கறுப்பு-வெள்ளைக்கு 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3 இருக்க வேண்டும் என்பது அந்த வழிகாட்டி.

திரையில் வரும் தூய நிறங்களை வைத்துக் கணக்கிட்டால்:

1. வெள்ளையில் மஞ்சள் எழுத்து: சுமார் 1.07. கிட்டத்தட்ட எழுத்தே இல்லை.

2. நடுத்தரப் பச்சையில் சிவப்பு எழுத்து: சுமார் 1.3. நிறவகையில் எதிரெதிர், வெளிர்-அடரில் அண்ணன் தம்பி.

3. வெள்ளையில் சிவப்பு: சுமார் 4. பெரிய எழுத்துக்குப் போதும்.

4. கருநீலத்தில் மஞ்சள்: சுமார் 15.

5. மஞ்சளில் கறுப்பு: 19-க்கும் மேல்.

இரண்டாவதைப் பாருங்கள். "சிவப்பும் பச்சையும் நன்றாக எடுத்துக்காட்டும்" என்று நம்பி வைத்த போர்டு தூரத்திலிருந்து ஏன் அதிர்வதுபோலத் தெரிகிறது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாதவர்களுக்கு அந்த எழுத்து இன்னும் கரைந்துபோகும். இந்தக் குறைபாட்டுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் இது பெண்களைவிட அதிகம். அவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான்.

சோதிக்க எளிய வழி: போர்டு மாதிரியைப் போனில் படமெடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மூன்று நிறமும் மூன்று வேறு சாம்பலாகத் தெரிந்தால் பிழைத்தது. இரண்டு ஒரே சாம்பலாகிவிட்டால் நிறவகையைத் தொட வேண்டாம். ஒன்றை வெளிராக்குங்கள் அல்லது அடராக்குங்கள்.

பக்கத்து நிறம் செய்யும் வேலை

பாரிஸின் கோப்லான் சித்திரத் திரைச்சீலை நெசவாலையில் 1824-இல் சாயப் பிரிவின் தலைவராக மிஷேல் எழேன் ஷெவ்ரொல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று அங்கே புகார் இருந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தபோது அதில் குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பை வெளிறச் செய்தன. 1839-இல் அவர் வெளியிட்ட விதி இன்றும் நிற்கிறது: பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள், ஒன்றையொன்று தம் எதிர் நிறத்தின் (நிறச் சக்கரத்தில் எதிரே இருக்கும் நிறம்) பக்கம் தள்ளும்.

"சாம்பல் என்று சொல்லித்தான் அடித்தோம், நீலமாக வந்துவிட்டது" என்ற புகாரைக் கேட்டிருப்பீர்கள். தரை ரெட் ஆக்சைடு அல்லது சிவப்பு டைல். அந்தத் தரையின் செம்மைக்கு எதிர் நீலப்பச்சை. அதனால் அந்தத் தரையை ஒட்டிய சாம்பல் நீலப்பச்சையாகத் தெரியும். பெயின்ட் கடைக்காரர் மேல் தவறில்லை. அந்தத் தரைக்குப் பழுப்புச் சாயல் உள்ள சாம்பலைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

வலுவான இரண்டு நிறங்கள் மோதும் இடத்தில் நடுவே அமைதியான ஒன்றை வைப்பது பழைய தீர்வு. 1947 ஜூலை 22-இல் ஏற்கப்பட்ட நம் தேசியக் கொடியில் காவிக்கும் பச்சைக்கும் நடுவே வெள்ளை இருக்கிறது. வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளைப் பாருங்கள். 'நாகர்கோவில் கோயில் நகை' என்று புவிசார் குறியீடு பெற்றவை. சிவப்புக் கெம்புக்கல்லும் பச்சைக்கல்லும் நேரடியாக உரசிக்கொள்வதில்லை, இடையே பொன் விளிம்பு. தோவாளை மாணிக்க மாலையில் செவ்வரளி, வெள்ளரளி, நொச்சி இலை ஆகிய மூன்றையும் மடித்து வரிசையாகக் கட்டுகிறார்கள். பூ ஒவ்வொன்றும் பதித்த கல்போலத் தெரிவதற்கு அந்த மூன்று நிறமும் மாறி மாறி வருவது காரணம்.

கொடியில் மூன்றும் சம அளவு. 60-30-10 எங்கே போயிற்று? கொடியின் வேலை தூரத்திலிருந்து அடையாளம் தெரிவது. யாரும் அதற்குள் குடியிருப்பதில்லை. சமமான பட்டைகள் அடையாளத்துக்கு நல்லவை. நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அறைக்கு ஓய்வு தரும் தளம் ஒன்று வேண்டும். கொடி நிறங்களை அப்படியே சம அளவில் வரவேற்பறையில் வைத்தால் கண் எங்கே தங்குவது என்று தெரியாமல் அலையும்.

சேலையும் ரவிக்கையும்

சேலையில் இந்த விதி புதிதே இல்லை. உடல், பார்டர், முந்தி என்று நெசவிலேயே பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓணத்துக்கு உள்ளூர் விடுமுறை விடும் மாவட்டம் இது. அன்று கட்டும் கசவுச் சேலையை எடுத்துக்கொள்வோம். வெளுக்காத பருத்தியின் இளமஞ்சள் வெண்மை தளம். பொன் கரை துணை. ரவிக்கையின் பச்சையோ அரக்கோ எடுப்பு. பரப்பில் பார்த்தால் தளம் 60-ஐத் தாண்டிவிடும், ஆனாலும் கச்சிதமாக இருக்கிறது. பங்குகள் தெளிவாக இருந்தால் சதவீதம் விலகலாம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

பட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. பாவில் (நீள நூலில்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு நூலில்) வேறு நிறம் போட்டு நெய்தால் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். மயில்கழுத்து அப்படித்தான் வருகிறது. அதை ஒரே நிறமாக எண்ணலாம். ஆனால் அதற்கு ரவிக்கை எடுக்கும்போது நீலத்துக்கா, பச்சைக்கா என்று முடிவு செய்துவிட வேண்டும்.

சேலையையும் ரவிக்கைத் துணியையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது நம் வழக்கம். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இரண்டு துணியிலும் வேறு வேறு சாயங்கள் இருந்தால், கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிபவை வெயிலில் பிரிந்துவிடும்; ஒவ்வொரு விளக்கின் ஒளியிலும் நிறங்களின் கலவை வேறு. மாலை வரவேற்புக்குக் கட்டும் சேலை என்றால் மஞ்சள் விளக்கின் கீழும் ஒருமுறை பாருங்கள். நீலமும் ஊதாவும் அங்கே இருண்டுபோகும்.

பிராண்டுக்கு மூன்று நிறம்: செலவுக் கணக்கு

ஒரு சிப்ஸ் கடையை வைத்துப் பார்ப்போம். ஏத்தங்காய் சிப்ஸ் தெரியும்படி கண்ணாடி பாக்கெட். சிப்ஸின் மஞ்சள்தான் அங்கே தள நிறம். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. மஞ்சளுக்கு மேல் படிக்க முடிகிற அடர் நிறம் ஒன்று, கரும்பச்சை என்று வைத்துக்கொள்ளலாம், துணை. முத்திரைக்குக் கொஞ்சம் சிவப்பு. மூன்று முடிந்தது.

இதை எல்லா இடத்திலும் ஒரேபோலக் கொண்டுவருவதுதான் கஷ்டம்:

1. போனிலும் கணினியிலும் நிறம் ஒளியால் உண்டாகிறது. ஃபிளெக்ஸிலும் அட்டையிலும் மையால் உண்டாகிறது. திரையில் மின்னும் நியான் பச்சையையும் சில நீலங்களையும் சாதாரண நான்கு வண்ண அச்சில் கொண்டுவரவே முடியாது. திரையில் பார்த்து முடிவு செய்யாமல் அச்சடித்த மாதிரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

2. துணிப்பையில் ஸ்கிரீன் பிரின்டிங் செய்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். நிறம் கூடினால் செலவு கூடும். மஞ்சப்பையில் அடித்தால் மஞ்சள் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே ஒன்றோ இரண்டோ போதும்.

3. பில் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் ஒரே நிறம். மூன்று நிறமும் போய் ஒன்று மட்டும் மிஞ்சும்போதும் முத்திரை அடையாளம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிறத்தில் குறை தேட வேண்டாம், வடிவத்தை மாற்றுங்கள்.

4. "நல்ல பச்சை" என்று சொல்லி ஒவ்வொரு இடத்திலும் வேலை கொடுத்தால் ஒவ்வொரு பச்சை வரும். திரைக்கான எண், அச்சுக்கான நான்கு மைச் சதவீதம், சுவருக்கான பெயின்ட் எண் ஆகிய மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிக் கடைகளின் நிறத்தையும் பார்க்க வேண்டும். ஒரே தெருவில் நான்கு பேக்கரியும் சிவப்பு-மஞ்சள் என்றால் ஐந்தாவது அதே ஜோடியைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

விதியை எங்கே விட்டுவிடலாம்

கோயில் கோபுரத்தில், தேரில், திருவிழாப் பந்தலில், தோவாளைப் பூச்சந்தையில் யாரும் மூன்று நிறம் தேடுவதில்லை. அங்கே நிறைவுதான் நோக்கம். பல நிறங்கள் சிறு சிறு துண்டுகளாக, திரும்பத் திரும்ப, ஒரே ஒழுங்கில் வருவதால் கண் அதை ஒரே பரப்பாக எடுத்துக்கொள்கிறது. குழந்தைகள் விளையாடும் இடமும் அப்படித்தான். நம் ஊர்ப் பளிச் நிறங்களை 'ரசனை இல்லாதது' என்று ஒதுக்கி, எல்லா வீட்டையும் சாம்பலும் பழுப்புமாக மாற்றுவதற்கு இந்த விதியைப் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. மூன்று நிறம் என்றால் மூன்று மங்கல் நிறம் என்று பொருளில்லை. மஞ்சள், அரக்கு, கரும்பச்சையும் மூன்றுதான்.

வேலை தொடங்கும் வரிசை

1. மாற்ற முடியாதவற்றை எழுதுங்கள்: தரை, கதவு, ஓடு, ஜன்னலுக்கு வெளியே தெரிவது. இதிலேயே இரண்டு நிறம் வந்துவிட்டால் தேர்ந்தெடுக்க ஒன்றுதான் பாக்கி.

2. பரப்பை அளந்து எது தளம், எது துணை என்று முடிவு செய்யுங்கள். செறிவு கூடிய நிறம் கடைசிப் பங்குக்கு.

3. மூன்றையும் கறுப்பு-வெள்ளைப் படமாக்கிப் பாருங்கள்.

4. சாம்பிள் டப்பா வாங்கி, ஜன்னலை ஒட்டிய சுவரிலும் அதற்கு எதிர்ச்சுவரிலும் 2 அடிக்கு 2 அடி இரண்டு கோட் அடியுங்கள். பழைய நிறம் சுற்றிலும் தெரிந்தால் ஷெவ்ரொல் சொன்னது நடக்கும். அதனால் ஓரத்தை வெள்ளைத் தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். காலையில், மாலையில், மழை மூட்டத்தில், இரவு விளக்கில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. ஒரு சுவருக்குத் தேவையான பெயின்டை மொத்தமாகக் கலக்கச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கலந்த டப்பாக்களுக்குள் சிறு வேறுபாடு வரலாம். ஒரே சுவரின் நடுவில் டப்பா மாறினால் அது தெரியும். நிறத்தின் எண், எந்த பேஸ், எந்த வகைப் பெயின்ட் என்ற மூன்றையும் டப்பா மூடியிலிருந்து படம் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தில் கால் லிட்டரை இறுக மூடி வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஒட்டுப்போட அது தேவைப்படும்.